கோயில் காடு: அசல் குறையாமல் வட்டி தரும் ஊர்ச் சேமிப்பு



நம் குழுக்களில் சேமிப்பு பற்றிப் பேசாத கூட்டம் கிடையாது. வாரம் தவறாமல் கட்டுகிறோம், நோட்டில் வரவு வைக்கிறோம், தேவைப்பட்டவருக்குக் கடன் கொடுக்கிறோம். அசலைக் கரைத்துவிட்டால் குழுவே இல்லை என்பது நம்மில் படிக்காத அக்காவுக்கும் தெரியும்.

இந்த இதழில் நாம் பார்க்கப் போவதும் ஒரு சேமிப்பைப் பற்றித்தான். நம் தாத்தா பாட்டிகளுக்கும் முன்னால் ஊர் ஒன்றுகூடிச் சேர்த்த சேமிப்பு அது. அதற்குப் பாஸ்புக் கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது. ஊருக்கு வெளியே, ஐயனாரும் கருப்பசாமியும் மண்குதிரைகளும் காவல் இருக்கிற கோயில் காடுதான் அந்தச் சேமிப்பு. சாமி காடு, ஐயனார் தோப்பு, தெய்வக் காடு என்று ஊருக்கு ஊர் பேர் மாறும். உள்ளே இருக்கிற சட்டம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: "சாமி மரத்துல கை வைக்காதே."

"சாமி குத்தம்னு சொல்லி வச்சிருக்காங்க. மத்தபடி அந்தக் காட்டால நமக்கு என்ன பிரயோசனம்?" என்று இளைய உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிரயோசனம் தெரியாவிட்டால், நாளைக்கு யாராவது "இந்த இடத்துல மண்டபம் கட்டலாமே" என்று சொல்லும்போது நாமும் தலையாட்டிவிடுவோம். அதனால் கணக்கை விரித்துப் பார்ப்போம்.

முதல் வரவு: தண்ணீர்

வெட்டவெளியில் கனத்த மழை பெய்தால் என்ன ஆகிறது? துளி நேராக மண்ணில் அடிக்கிறது. மேல்மண் கரைந்து, வாய்க்காலில் காவி நிறத்தில் ஓடிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் தரை காய்ந்து இறுகுகிறது.

காட்டுக்குள் அதே மழை இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, மெல்ல இறங்குகிறது. கீழே பல வருஷத்துச் சருகு மெத்தைபோலக் கிடக்கிறது. அது தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. சருகைத் தின்னும் மண்புழுவும் கரையானும் மண்ணில் துளை போடுகின்றன. பட்டுப்போன பழைய வேர்கள் மக்கி, மண்ணுக்குள் குழாய்போல வழி விடுகின்றன. அந்த வழியாகத் தண்ணீர் ஆழத்துக்குப் போகிறது. பல கோயில் காடுகளில் ஓர் ஊருணியோ குளமோ சேர்ந்தே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காடு மழைநீரை வடிகட்டி அனுப்புகிறது, குளத்தில் வண்டல் குறைவாகச் சேர்கிறது.

மரமும் தண்ணீரைக் குடிக்கும் என்பதையும் சொல்லவேண்டும். அது மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. தைல மரம்போல வேகமாக வளர்வதற்கென்றே நெருக்கி நடப்படும் மரங்கள் நிறையக் குடிக்கும். சீமைக் கருவேலம் வந்த இடத்தில் வேறு செடி தழைக்க விடாது. அதனால்தான் "ஏதோ ஒரு பச்சை" இருந்தால் போதும் என்று நாம் சொல்வதில்லை. அந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகின நாட்டு மரங்கள், மேலே உயர்ந்த மரம், நடுவில் குட்டை மரம், கீழே கொடியும் புதரும் என்று அடுக்கடுக்காக இருப்பதுதான் காடு.

இரண்டாவது வரவு: மண்ணுக்குத் தழை

புங்கன் மரத்தைப் பாருங்கள். மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, சித்திரை வெயிலுக்குள் தளதளவென்று துளிர்த்து நிழல் தந்துவிடும். கொட்டிய இலை உரம். அது அவரை, துவரை இனத்தைச் சேர்ந்த மரம் என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்க்கும் தன்மையும் அதற்கு உண்டு. வேம்பு, வாகை, பூவரசு இலைகளையும் நம் பெரியவர்கள் சேற்றில் மிதித்து நெல் நட்டார்கள். ஏக்கருக்கு 2½ டன் பசுந்தழை போடலாம் என்பது இன்றைக்கும் வேளாண்மைத் துறையில் சொல்லும் அளவு.

அவ்வளவு தழையைக் கோயில் காட்டிலிருந்து ஒடித்து வருவதா? கூடவே கூடாது. அது அசலை எடுத்துச் செலவழிப்பது. காட்டிலிருந்து விதையை எடுத்து வந்து நம் வரப்பில் மரமாக்கினால், தழை நம் நிலத்திலேயே கிடைக்கும்.

மூன்றாவது வரவு: நமக்குத் தெரியாமல் வேலை செய்யும் கூலியாட்கள்

பூசணி, சுரை, பாகல், பீர்க்கு போடுகிற சகோதரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. இந்தக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைப் பெண் பூவுக்குத் தேனீயோ வண்டோ கொண்டுபோனால்தான் பிஞ்சு நிற்கும். இல்லையென்றால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். "உரம் பத்தலையோ" என்று இன்னொரு மூட்டை வாங்கிப் போடுகிறோம். பல நேரம் பத்தாமல் போனது உரம் இல்லை, தேனீதான்.

தேனீக்கு நம் தோட்டத்துப் பூ சில வாரம்தான் கிடைக்கும். மற்ற மாதங்களில் அது எங்கே சாப்பிடும், எங்கே கூடு கட்டும்? மருந்து அடிக்காத, வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்கிற இடம் வேண்டும். கோயில் காடு அப்படிப்பட்ட இடம். மரப்பொந்தில் கொசுத்தேனீ, புதரில் கொம்புத்தேனீ, உயர்ந்த கிளையில் மலைத்தேனீ என்று அங்கே அவை குடியிருக்கும். காலையில் பறந்து வந்து நம் கொடியில் வேலை பார்த்துவிட்டுப் போகும். கூலி கேட்காது.

பறவைகளும் அப்படித்தான். கரிச்சானும் மைனாவும் வயலில் இறங்கிப் புழு பொறுக்கும். மரப்பொந்தில் இருக்கும் கூகை ராத்திரியில் எலி பிடிக்கும். "கூகை அலறினா ஆகாது" என்று கல்லெறிந்து விரட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது விரட்டப்பட்ட ஊரில் எலிக்குத்தான் கொண்டாட்டம்.

ஆல், அரசு, அத்தி, இச்சி இவை நான்கும் ஒரே குடும்பம். ஒரே இனத்திலும் எல்லா மரமும் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஒன்று ஓயும்போது இன்னொன்று பழுக்கும். அதனால் மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதங்களிலும் பறவைக்கும் வௌவாலுக்கும் இவற்றில் தீனி இருக்கும். வௌவால் இலுப்பைப் பழத்தைத் தின்று கொட்டையைத் தூர தூரமாகப் போடும். காட்டை மறுபடி நடுவது அதுதான்.

வேடந்தாங்கல் சொல்லும் கணக்கு

மரம், பறவை, வயல் மூன்றுக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டில் வெகுகாலத்துக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்த ஊர் வேடந்தாங்கல். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும். தண்ணீரோடு உரமும் பாய்கிறது என்று ஊர் மக்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798ஆம் வருஷம் அப்போதைய கலெக்டர் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். இருநூறு வருஷத்துக்கு முன்னால், விவசாயக் குடும்பங்கள் அரசாங்கத்திடம் போய்ப் பேசி உத்தரவு வாங்கியிருக்கின்றன. இதை நாம் மறக்கக்கூடாது.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஆசை இருக்காதா? இருந்தாலும் ஊர்க் கட்டுப்பாடு என்று விட்டுக்கொடுக்கிறார்கள்.

நான்காவது வரவு: கையில் வரும் காசு

இது நம் பெண்களுக்கு நேரடியாகத் தெரிந்த வரவு. வேப்பமுத்து, புங்கங்கொட்டை, இலுப்பைக்கொட்டை, புளி, நாவல் இவற்றையெல்லாம் பொறுக்கிச் சேர்ப்பது பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும்தான். ஆளுக்கு ஒரு படி என்று வியாபாரியிடம் தனித்தனியாகக் கொடுத்தால் அவர் சொன்னதுதான் விலை. குழுவாகச் சேர்த்து, காயவைத்து, தூசி நீக்கி, மூட்டையாகக் கொடுத்தால் விலை பேச முடியும். நிலத்தில் விழுந்ததைத்தான் எடுக்க வேண்டும், கிளையை உலுக்கக் கூடாது, பறவைக்கும் முளைப்புக்கும் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சாமி காட்டிலிருந்து எதுவுமே எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தால் அதை மீறவேண்டாம். ரோட்டோர மரமும் சொந்த மரமும் போதும்.

வேப்பமுத்தை விற்பதற்கு முன்னால் நம் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள். மருந்து செய்வது சுலபம். 10 லிட்டர் டேங்குக்கு ½ கிலோ வேப்பம்பருப்பு போதும். ரொம்பப் பழசாக இல்லாமல், பொறுக்கி மூன்று மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் இருக்கிற கொட்டையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் நீக்கி இடித்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் தெளியுங்கள். சோப்பு சேர்த்தால்தான் இலையில் ஒட்டும். இது புழுவை உடனே கொல்லாது. இலையைத் தின்னவிடாமல், வளரவிடாமல் செய்யும். அதனால் புழு பெருகுவதற்கு முன்பே அடிக்க வேண்டும்.

வேம்பைப் பற்றி இன்னொரு விஷயம். வேப்பெண்ணெயால் பூஞ்சாண நோயைக் கட்டுப்படுத்தும் ஒரு முறைக்கு 1994இல் ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். "இது எங்கள் விவசாயிகள் ஏற்கெனவே செய்து வருவதுதானே" என்று எதிர்ப்பு மனு போனது. மனுப் போட்டவர்களில் நம் நாட்டு வந்தனா சிவாவும் ஒருவர். 2000இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடி ஆனது. நம் பாட்டிகளின் கைப்பழக்கம் உலக வழக்கு ஒன்றில் ஜெயித்திருக்கிறது.

ஐந்தாவது வரவு: விதை

விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இருக்கிறது. சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. மழை குறைந்த பூமியிலும் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் மரங்கள் அங்கே உண்டு. சுற்றிலும் இந்த வகைக் காடு அழிந்துபோன பிறகும், சாமி பேரைச் சொல்லி ஊரார் காப்பாற்றிய இப்படிப்பட்ட துண்டுகளில்தான் அந்த மரங்களின் விதை மிஞ்சியிருக்கிறது. கடையில் எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைக்காத விதை அது.

விதை எடுத்து நாற்று போடுகிற குழுக்களுக்கு ஒரு குறிப்பு: வேம்பு, இலுப்பை, நாவல் விதைகள் சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும். பொறுக்கிய ஓரிரு வாரத்துக்குள் பையில் ஊன்றிவிட வேண்டும். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று வைத்தால் முளைக்காது.

வயலுக்குள் மரம் வைத்தால் விளைச்சல் குறையாதா?

இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. மரத்தை ஒட்டிய இரண்டு மூன்று வரிசைப் பயிர் கொஞ்சம் சோர்ந்துதான் இருக்கும். அதைச் சமாளிக்க வழி உண்டு. நம் ஊரில் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். நிழல் வடக்கே விழும். அதனால் நிலத்தின் வடக்கு வரப்பில் மரம் வைத்தால் நம் பயிரில் நிழல் குறைவாக விழும். பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு வைப்பது நல்லது, நாளைக்குச் சண்டை வராது. வருஷத்துக்கு ஒரு தடவை பக்கக் கிளையைக் கழித்தால் தழையும் ஆச்சு, விறகும் ஆச்சு.

மரமும் புல்லும் மாடும் சேர்ந்தே இருக்கிற முறைக்குக் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு நல்ல உதாரணம். மழை குறைந்த அந்தப் பூமியில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை வேலி. புல் காய்ந்த கோடையில் வெள்வேல் காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. வெயிலில் ஒதுங்க அதன் நிழல். காங்கேயம் காளை வளர்ந்தது இந்தக் காட்டில்தான்.

சேமிப்பு எப்படிக் கரைகிறது?

கோயில் காடு ஒரே நாளில் அழிவதில்லை. முதலில் வண்டி போக ஒரு பாதை. பிறகு பொங்கல் வைக்கச் சிமெண்டுத் தளம். அடுத்த திருவிழாவுக்குத் தகரக் கொட்டகை. அதற்கடுத்து மண்டபம், வண்டி நிறுத்த இடம். ஒவ்வொரு தடவையும் "ரெண்டே ரெண்டு மரம்தான்" என்பார்கள். செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாமிக்கு நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள். ஆனால் காட்டுச் சாமிக்குக் காடுதானே கோயில்? மண்டபத்தைக் காட்டுக்கு வெளியே கட்டினாலும் சாமி கோவிக்காது.

இந்த முடிவுகள் எடுக்கப்படும் இடத்தில் நாம் பெரும்பாலும் இருப்பதில்லை. சில கோயில் காடுகளில் பெண்கள் உள்ளே வரக்கூடாது என்ற வழக்கமும் இருக்கிறது. வழக்கத்தைப் பற்றி ஊர் பேசிக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் காட்டுத் தண்ணீர் இறங்குகிற கிணற்றில் இறைப்பது நாம். அந்தத் தேனீ காய்க்க வைக்கிற கொடியைப் பறிப்பது நாம். காடு போனால் தூரம் நடக்கப் போவதும் நாம். கிராம சபையில் பேச நமக்கு யாரும் தடை போட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி, சிறப்பான இடங்களைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவிக்கலாம். ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரிலுள்ள மரம், செடி, உயிரினங்கள், அவை பற்றிய அறிவு எல்லாவற்றையும் மக்கள் பதிவேட்டில் எழுதி வைக்கவும் அதில் வழி உண்டு.

தமிழ்நாட்டில் முதலில் அறிவிக்கப்பட்டது மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, 2022 நவம்பரில். 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. மேலூர் வட்டார மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், தெருவில் இறங்கினார்கள், பெண்கள் முன்னால் நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீர கோயில் காடும் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 4.97 ஹெக்டேர்தான், அதாவது 12 ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. சின்னக் காடு என்று யாரும் ஒதுக்கவில்லை, பாருங்கள். 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றமும், ராஜஸ்தான் கோயில் காடுகள் பற்றிய வழக்கில், நாடு முழுவதும் இப்படிப்பட்ட காடுகளைக் காக்கக் கொள்கை வகுக்கும்படி மத்திய அரசுக்குச் சொல்லியிருக்கிறது.

குழுவாக நாம் செய்யக்கூடியவை

1. ஒரு மரக் கணக்கு நோட்டு போடுங்கள். எந்த மரம் எத்தனை, எப்போது பூக்கும், எப்போது காய்க்கும், எதற்கு உதவும் என்று வயதான அம்மாக்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

2. காட்டின் சர்வே எண், பரப்பு, புறம்போக்கா கோயில் நிலமா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லை தெரியாத சொத்தைக் காப்பாற்ற முடியாது.

3. ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா, அதில் நம் பெண்கள் யார் என்று கேளுங்கள்.

4. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை உண்டு. "கோயில் காட்டில் பச்சை மரம் வெட்டுவதில்லை, சிமெண்டுத் தளம் போடுவதில்லை" என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். எழுத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

5. திருவிழா முடிந்த மறுநாள் குழுவாகப் போய்ப் பிளாஸ்டிக் பையும் தட்டும் பொறுக்குங்கள். சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். சருகு குப்பை இல்லை, நாளைய மண் அதுதான்.

6. ஒவ்வொரு உறுப்பினரும் இந்த வருஷம் வரப்பிலோ வாசலிலோ இரண்டு நாட்டு மரம் வையுங்கள். வேம்பு, புங்கன், இலுப்பை, நாவல், பூவரசு, அரப்பு தரும் உசிலை எது உங்கள் மண்ணுக்குச் சரியோ அது. பனை இருந்தால் தொடாதீர்கள். அது நம் மாநில மரம். அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்திருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

நம் ஊர்ச் சாமி காடு பத்து வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு? குறைந்திருந்தால் எதனால்? மீதியைக் காக்க யாரிடம் முதலில் பேச வேண்டும்? கோயில் நிர்வாகத்தாரிடமா, ஊராட்சித் தலைவரிடமா, நம் வீட்டு ஆண்களிடமா?

கூட்டத்தில் பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, வட்டாரக் கூட்டமைப்புக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மரக் கணக்கு எழுதி முடித்த குழுக்கள் அதையும் சேர்த்து அனுப்பினால், பக்கத்து ஊர்க் குழுக்கள் விதை கேட்டு உங்களிடம் வருவார்கள். கொடுங்கள். இந்தச் சேமிப்பில் மட்டும் கடன் கொடுத்தால் அசல் குறையாது.